பாவில் வைத்த கத்தி

பெரிய காஞ்சிபுரம்
4-7-1971

அன்றைக்கு இருந்தவர்கள் இவர்கள். மாமியார் செல்லியம்மாள், வாசற்படியில், கையில் விளக்குமாறு. கொழுந்தன் வீராசாமி, தெரு நடுவில் நீட்டியிருந்த பட்டுப் பாவுக்குப் பக்கத்தில். நெற்றி நிறைய விபூதி, அது வேர்வையில் ஒரு பக்கம் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. கிழக்கு முனையில் கழி பிடித்தவன் பக்கத்து வீட்டுப் பரமசிவம். மேற்கு முனையில் எதிர்வீட்டு ஆதிகேசவன். கஞ்சி தோய்க்க வந்த முருகேசன், சட்டியும் கையுமாக. பரமசிவத்தின் பெண்சாதி அம்சவேணி, இடுப்பில் தண்ணீர்க் குடம். அப்புறம் நீ, இந்திராணி, வீராசாமி பெண்சாதி, ஆறு மாத வயிறோடு. ஏழு பேர். என் இடுப்பில் என் மகன், ஒன்றரை வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று, மாசி மாதம், வெள்ளிக்கிழமை. பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது, ஒரு வீட்டிலும் தறிச்சத்தம் ஆரம்பிக்கவில்லை.

இப்போது சொல், எனக்கா ஞாபகம் தப்பிவிட்டது?

போன வியாழக்கிழமை உன் தங்கை மகன் உமாபதி ஆபீசு விட்டு என் வீட்டுக்கு வந்தான். காப்பி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "எங்க பெரியம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. உங்களுக்கு வயசாயிடுச்சாம், ஞாபகம் தப்பிப் போச்சாம். வேதக் கோயில்ல எங்க பெரியப்பா பேர எடுத்துப் பேசிக்கினு இருக்கீங்களாம். இந்த வாட்டி வேணாம்னு சொல்லச் சொன்னாங்க" என்றான். காப்பிக்கு முன்னால் சொல்லியிருந்தால் காப்பி கிடைத்திருக்காது.

நான் கோயிலில் பேசுவது வம்பு இல்லை, சாட்சி. கர்த்தர் நமக்குச் செய்ததைச் சபைக்கு முன் எழுந்து நின்று சொல்வதற்கு அதுதான் பெயர். ஒவ்வொரு வருடமும் ஆலயத் திருநாளில் நான் சொல்கிறேன். கூறைப் புடவைக்கான பட்டுப் பாவை, தறியில் ஏற்ற வேண்டிய நீள இழைகளை, தெருவில் நீட்டி வைத்திருந்தார்கள். மாசிக் காற்றில் பதினேழு இழை அறுந்து பறந்தது. ஆண்பிள்ளைகள் முனை தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார்கள். புருஷன் செத்து நாலு மாதமான நான் ஓடிப்போய்ப் பதினேழையும் முடி போட்டேன். மாமியார் கூச்சலிட்டாள், தாலி அறுத்தவள் கை பட்ட பாவு கூறைக்கு ஆகாது என்று. நான் பிள்ளையோடு வாசற்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். வீராசாமி கத்தியை எடுத்துப் பாவை மொத்தமாக அறுத்தெறிந்தான். அநியாயம் செய்யப்பட்டவளைக் கர்த்தர் கூப்பிட்டார், நான் மிஷன் காம்பவுண்டுக்கு நடந்தேன். அங்கே வேதக்கார அம்மா ஞானம்மாள் கதவைத் திறந்தாள். கமலவேணி மார்த்தாள் ஆனாள். எழுத்துக் கற்றாள், பிள்ளையை வாத்தியார் ஆக்கினாள். இதில் எந்த வார்த்தையை எடுக்கச் சொல்கிறாய்?

வருகிற ஆகஸ்டு இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திருநாளுக்கு மதராஸிலிருந்து பேராயரே வருகிறார். எங்கள் போதகர் ஐயர் என்னைத்தான் முதலில் பேசச் சொல்லியிருக்கிறார். இத்தனை குடும்பம் இருக்கிற சபையில் என்னை. வீராசாமி பெயர் இல்லாமல் அந்தக் கதை நிற்காது.

பரமசிவம் என்னிடம் வாங்கிய முறத்தை இன்னும் திருப்பித் தரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுகிறேன், என் ஞாபகத்துக்கு அத்தாட்சியாக. இது என் கையெழுத்து. யாரையும் வைத்து எழுதவில்லை.

மார்த்தாள்

*

தென்னேரி
12-7-1971

அக்காவுக்கு இந்திராணி சொல்லி, தபால்காரர் முனுசாமி எழுதுவது.

எனக்கு எழுதத் தெரியாது என்பதை நீ குத்திக் காட்டியிருக்கிறாய். படித்துக் காட்டியபோது முனுசாமிக்கே சங்கடமாகப் போய்விட்டது. பரவாயில்லை. இங்கே ஏரி பாதிதான் இருக்கிறது. எருமை ஒன்று ஈன்றிருக்கிறது. எனக்கு முழங்கால் வலி.

உமாபதியிடம் நான் ஞாபகம் தப்பிப் போச்சு என்று சொல்லி அனுப்பவில்லை. "அக்காவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது, ஒண்ணத் தவிர" என்றுதான் சொன்னேன். அவன் சுருக்கிவிட்டான். ஆபீசில் அப்படித்தான் பழக்கம் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் போன கார்த்திகையில் இறந்தார். உனக்குத் தகவல் வந்தது, நீ வரவில்லை. அதை நான் கேட்கவில்லை. செத்த மனுஷன் பெயரைப் பேராயர் முன்னால் கத்தி எடுத்தவன் என்று சொல்லாதே என்றுதான் கேட்கிறேன். என் மகன் கோதண்டபாணிக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. ஊர் ஊராகக் கூலிக்குத் தறி நெய்கிறான். நம் தெருவில் ஒரு தறி போட இடம் கேட்டுப் போனான். "பட்டுல கத்தி வெச்சவன் மவனா நீ?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை. நீ வருஷா வருஷம் அதற்கு எண்ணெய் ஊற்றுகிறாய்.

நீ சொல்கிற கதையில் ஒன்று நடக்கவில்லை. அது எது என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குக் கையடித்து வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இந்திராணி

பின்குறிப்பு: அம்மா அவர்களுக்கு, தபால்காரன் முனுசாமியின் வணக்கம். மேற்படி கடிதத்தில் பெரியம்மா சொன்ன ஒரு வார்த்தையை நான் எழுதவில்லை. சர்க்கார் தபாலில் அப்படி எழுதக் கூடாது.

*

பெரிய காஞ்சிபுரம்
17-7-1971

இந்திராணி,

முனுசாமி எழுதாமல் விட்ட வார்த்தை எது என்று எனக்குத் தெரியும். முப்பத்து மூன்றிலும் அதையேதான் சொல்வாய். தலை நரைத்தாலும் உன் வாய் மாறாது.

ஏதோ ஒன்று நடக்கவில்லையாம். அது எது என்று சொல்ல மாட்டாளாம். இது என்ன பேச்சு? சந்தையில் கத்தரிக்காயை முந்தானையால் மூடி வைத்து விற்கிறாயா? நான் ஐயர் வீட்டில் போன புதன்கிழமை என் சாட்சியைச் சொல்லிக் காட்டினேன். எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்ப்பதற்காக. பன்னிரண்டு நிமிஷம். ஐயரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் பேத்தி ரூத், அவள் பாடகர் குழுவில் இருக்கிறாள், ஒவ்வொரு வருடமும் கேட்கிறாள், ஒவ்வொரு வருடமும் அழுகிறாள். நடக்காத ஒன்றுக்கா இத்தனை பேர் அழுவார்கள்?

வீராசாமி அறுக்கவில்லை என்கிறாயா? மிஷன் காம்பவுண்டில் நான் சேர்ந்து எட்டாம் நாள் ஞானம்மாள் வந்து, "உன் கொழுந்தன்தான் அறுத்தானாமே, அவனே நாட்டாண்மைக்கிட்ட ஒத்துக்கினானாம், ஊரே பேசுது" என்றாள். அவனே ஒத்துக்கொண்டான். அப்புறம் நீ யார் இல்லை என்று சொல்ல?

சாவுக்கு வராததை நீயே எடுத்தாய், அதனால் சொல்கிறேன். வேண்டுமென்றேதான் வரவில்லை. அன்று நான் புதிய ஏற்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிக்க வேண்டும் என்று ஐயர் நூறு முறை சொல்லியிருக்கிறார். முடியவில்லை. முடியவில்லை என்று ஜெபத்திலும் சொன்னேன். என்னைப்போல் நேராகப் பேசுகிறவள் சபையில் இல்லை.

சொல்ல வேண்டியது இருந்தால் சொல். செத்தவனுக்குக் கொடுத்த வாக்கு உனக்கு இருந்தால், உயிரோடு இருக்கிறவளுக்குக் கொடுக்கவேண்டிய பதில் என்று ஒன்றும் இருக்கிறது. முனுசாமி, இவள் சொல்லச் சொல்ல நீ ஒரு எழுத்தும் விடாமல் எழுது.

மார்த்தாள்

*

தென்னேரி
26-7-1971

அக்கா,

ஒரு வாரம் யோசித்தேன். முனுசாமியிடம் ஏரிக்கரை அம்மன் பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டேன், வெளியே சொல்லக் கூடாது என்று. அவன் இன்று தபால் பை கட்டுவதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டான். நான் சொல்கிறேன், அவன் எழுதுகிறான்.

இழை அறுந்தது சரி. நீ முடி போட்டது சரி. அத்தை கத்தியது சரி. அதற்கப்புறம் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "யம்மா, சும்மா இரு. அண்ணி போட்ட முடி கையில தடவனாக்கூட தெரியல. இத யாரு பாக்கப் போறாங்க? நெய்யலாம்" என்றார். அத்தை, "உங்க அண்ணன முழுங்கனவ கை பட்டத எவ வூட்டுப் பொண்ணுக்குக் கட்டுவ?" என்றாள்.

நீ வாசற்படிக்குப் போகவே இல்லை, அக்கா. அவர் இடுப்பில் நூல் நறுக்குகிற சின்னக் கத்தி சொருகியிருந்தது. நீ அதை உருவினாய். "எங் கை பட்டது ஆவாதுன்னா, இது யாருக்கும் ஆவ வேணாம்" என்றாய். பாவு நடுவில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரே இழுப்பு. எனக்கு இன்னும் அந்தச் சத்தம் கேட்கிறது. இரண்டு பக்கமும் பட்டு சுருண்டுகொண்டு ஓடியது. ஆதிகேசவன் கழியோடு பின்னால் விழுந்தான். நீ கத்தியைக் கீழே போடவில்லை. மடியில் சொருகிக்கொண்டு கிழக்கே நடந்தாய். யாரும் உன்னைத் துரத்தவில்லை. அவர்தான் எல்லாரையும் கை நீட்டி நிறுத்தினார்.

சாயங்காலம் நாட்டாண்மை கூப்பிட்டார். பட்டில் கத்தி வைத்தது யார் என்று கேட்டார். அதற்கு முன்னாலேயே என் வீட்டுக்காரர், பார்த்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் வந்துவிட்டார். "அண்ணி ஒண்ணும் இல்லாமப் போயிருக்காங்க. கோவம் தணிஞ்சி திரும்பி வந்தா வாசல் இருக்கணும். பேர் வெளிய வந்தா தெருவே சேக்காது" என்று ஒவ்வொருவரிடமும் கையடித்து வாக்கு வாங்கினார். நாட்டாண்மையிடம் நான்தான் அறுத்தேன் என்றார். நாட்டாண்மை நம்பவில்லை. ஏகாம்பரநாதர் சந்நிதிக்குக் கூட்டிப்போய்ச் சூடம் ஏற்றினார். எரிகிற சூடத்தை இவர் உள்ளங்கையால் அணைத்து, நான்தான் என்று சத்தியம் பண்ணினார். பொய்ச் சத்தியம். உள்ளங்கையில் அந்த வடு கடைசிவரை இருந்தது. அதற்கப்புறம் அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை. விபூதியும் வைக்கவில்லை. "சாமிகிட்ட எந்த மூஞ்சிய காட்டறது?" என்பார்.

பட்டில் கத்தி வைத்தவன் வீட்டுப் பாவுக்கு மூன்று வருஷம் யாரும் கழி பிடிக்கக் கூடாது என்று தெருவில் கட்டு போட்டார்கள். இரண்டு பேரால் பாவு நீட்ட முடியுமா? பரமசிவம் இருட்டோடு வந்து பிடித்தான், அவனுக்கும் தண்டம் போட்டார்கள். ஒரு வருஷம் உனக்காகக் காத்திருந்தோம். நீ ஞானஸ்நானம் வாங்கிவிட்டாய் என்று தெரிந்தது. அப்புறம்தான் என் அப்பா நிலத்துக்குத் தென்னேரி வந்தோம். பட்டைத் தொட்ட கையால் முப்பத்தேழு வருஷம் சேற்றில் நாற்று நட்டார்.

அத்தை உன்னைச் சாகும்வரை திட்டினாள். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஏழு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. இப்போது நான் சொல்லிவிட்டேன்.

இந்திராணி

*

பெரிய காஞ்சிபுரம்
29-7-1971

இந்திராணி,

பொய். முழுப் பொய். உன் மகனுக்குத் தறி இடம் வேண்டும் என்பதற்காக ஜோடித்த கதை. இனிமேல் கடிதம் எழுதாதே. வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

மார்த்தாள்

*

பெரிய காஞ்சிபுரம்
10-8-1971

இந்திராணி,

நீ எழுதவில்லை. நான்தான் எழுதாதே என்றேன், அதனால் நான்தான் எழுத வேண்டும்.

உன்னைப் பொய்க்காரி என்று நிரூபிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். என் ஞாபகத்தைவிடப் பெரிய சாட்சி எது? கண்ணை மூடி அன்றைய காலையைத் திரும்பக் கொண்டு வந்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மாமியார் வாய் பிளந்து நிற்கிறாள். முருகேசன் சட்டியைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறான், கஞ்சி காலில் கொட்டுகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அம்சவேணி குடத்தை இறக்கிவிட்டாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். ஏழு பேரும் என்னையே பார்க்கிறார்கள். வீராசாமியும்தான். அவன் நெற்றி விபூதி கரைந்தது எனக்கு எப்படித் தெரியும்? முழத்துக்குள் நின்றால்தான் தெரியும்.

அவன் பாவை அறுத்துக்கொண்டிருந்தால் அவன் கண் பாவின் மேல் இருந்திருக்கும். மற்றவர்கள் கண் அவன் மேல் இருந்திருக்கும். வாசற்படியில் உட்கார்ந்து அழுகிற ஒருத்தியை ஏழு பேரும் ஏன் பார்க்க வேண்டும்? என் மாமியாரும் அந்தப் படியில்தானே நின்றாள்? அவள் முகம் எனக்கு எதிரே தெரிகிறது. நான் அவள் பக்கத்தில் இல்லை. தெரு நடுவில் இருக்கிறேன்.

நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மருமகள் டாக்டரைக் கூப்பிடவா என்றாள். வேண்டாம் என்றேன்.

கத்தியும் ஞாபகத்துக்கு வந்தது. ஞானம்மாள் கதவைத் திறந்தபோது முதலில் பிள்ளையை வாங்கினாள், அப்புறம் என் மடியில் கை விட்டு எதையோ எடுத்தாள். இத்தனை வருடம் அது சீப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "யார் செஞ்சது?" என்று கேட்டாள். கொழுந்தன் என்றேன். அந்த நிமிஷம் பொய் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எட்டாம் நாள் அவனே ஒத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டபோது, சரி, அப்படித்தான் நடந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன். சபையில் முதல் தடவை சொன்னேன், ஜனங்கள் அழுதார்கள். இரண்டாம் தடவை வாசற்படியைச் சேர்த்தேன். அதற்கப்புறம் எனக்கு வாசற்படிதான் தெரிந்தது.

உனக்கு எங்கள் ஆராதனை தெரியாது. நடுவில் ஒரு இடம் வரும், எல்லாரும் முழங்காலில் நின்று நாங்கள் பாவிகள் என்று சேர்ந்து சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் நான் வாயை அசைத்துக்கொண்டு, முன்வரிசையில் இருக்கிறவளுடைய பாவங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருப்பேன். எனக்கென்று சொல்ல ஒன்றும் இருக்காது. எனக்குத்தானே அநியாயம் நடந்தது. போன ஞாயிறு முழங்கால் போட்டேன். மற்றவர்கள் சொன்னது என் வாயில் வரவில்லை. ஒரு வார்த்தைதான் வந்தது: நான் அறுத்தேன். அவ்வளவுதான் சொன்னேன். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக, கேட்கிறவர் என்னைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்தது.

வாசற்படியில் அழுதவளைக் கர்த்தர் கூப்பிட்டார் என்று சொல்லி வந்தேன். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை, இந்திராணி. இல்லாதவளுக்காக நான் இத்தனை வருடம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். மடியில் கத்தியோடு வந்தவளுக்கு அவர் கதவு திறந்தார். அழுதுகொண்டு வருகிறவளுக்கு யார் வேண்டுமானாலும் திறப்பார்கள். எனக்குத் திறக்க அவரால்தான் முடியும். இதை எழுதும்போது எனக்குக் கூச்சம் வரவில்லை, நெஞ்சு நிமிர்கிறது. நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

இருபத்திரண்டாம் தேதி பேராயர் முன்னால் உள்ளதைச் சொல்வேன். ஐயரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

மார்த்தாள்

*

தென்னேரி
16-8-1971

அக்கா,

கடிதம் வந்தது. முனுசாமி இரண்டு தடவை படித்தான். இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை, அவனாகவே படித்தான்.

நீ ஒத்துக்கொண்டது பெரிய காரியம். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் கோயிலில் சொன்னால் ஆயிற்றா? அங்கே இருக்கிறவர்களுக்கு அவரைத் தெரியுமா? நீ உள்ளதைச் சொல்வாய், அவர்கள் உன்னைக் கட்டிப் பிடிப்பார்கள், அங்கே உனக்கு இன்னும் பெயர்தான் வரும். என்னை உனக்குத் தெரிகிற மாதிரி எனக்கும் உன்னைத் தெரியும், அக்கா. நீ பாவத்தைச் சொன்னாலும் முதல் வரிசையில் நின்றுதான் சொல்வாய்.

தெருவில் சொல். பாவு போட்டிருக்கிற நேரத்தில், கழி பிடித்தவர்கள் நிற்கும்போது சொல். அவரைத் திட்டின வாய்கள் அங்கேதான் இருக்கின்றன. பழைய நாட்டாண்மை மகன்தான் இப்போது நாட்டாண்மை. பரமசிவம் இருக்கிறான், காது கொஞ்சம் மந்தம், சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவுக்குள் நீ முப்பத்தெட்டு வருஷமாகக் கால் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கோயிலுக்குப் போவதற்கே சுற்றிக்கொண்டு போகிறாய் என்று உமாபதி சொன்னான்.

எனக்கு உன் சாட்சி வேண்டாம். என் புருஷன் பெயர் வேண்டும்.

இந்திராணி

பின்குறிப்பு: அம்மா, முனுசாமி. இந்தத் தடவை பெரியம்மா சொன்னது எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன்.

*

பெரிய காஞ்சிபுரம்
26-8-1971

இந்திராணி,

இரண்டும் முடிந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

ஞாயிறு. ஆலயத்தில் உட்கார இடமில்லை. ஐயர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், நான் போய் நின்றேன். பன்னிரண்டு நிமிஷம் கொடுத்திருந்தார்கள், எனக்கு நாலு நிமிஷம்தான் ஆயிற்று. உள்ளதைச் சொல்ல அதிக நேரம் பிடிக்காது. யாரும் அழவில்லை. ஐயரம்மா கைக்குட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஐயர் முகம் சுண்டிப்போயிற்று. பின்வரிசையில் ஒருத்தி, "பாவம், வயசாயிடுச்சி" என்றது என் காதில் விழுந்தது. அவள் யார் என்று எனக்குத் தெரியும். ரூத் மட்டும் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்தாள், முதல் தடவை பார்க்கிறவள் மாதிரி.

பேராயர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் கொழுந்தனார் விசுவாசியா அம்மா?" என்று கேட்டார். "சைவம் ஐயா. என்னால அவங்க சாமிய விட்டவன்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

நீ சொன்னது உண்மைதான். திரும்பி வரும்போது என் நடையில் கொஞ்சம் மிதப்பு இருந்தது. அதை வழியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். என்னை எனக்கு இப்போது கொஞ்சம் தெரிகிறது.

நேற்று புதன்கிழமை, விடிகிற நேரம், தெருவுக்குப் போனேன். தெருமுனையில் இரண்டு தடவை நின்று நின்று போனேன். ஆலயத்தில் அப்படி நிற்கவில்லை. நம் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அரக்கு நிறப் பாவு ஒன்று நீட்டியிருந்தார்கள். கழி பிடித்திருந்தவர்கள் எல்லாம் சின்ன வயசுக்காரர்கள், ஒருவனையும் எனக்குத் தெரியவில்லை. "யார் ஆயா நீ? ஓரமாப் போ" என்றான் ஒருவன். நான் போகவில்லை. பாவுக்குக் கிட்டே போனதும் ஒரு பொம்பளை ஓடி வந்து, "தொடாதீங்கமா, கூறைப் பாவு" என்றாள். என் வெறும் நெற்றியைப் பார்த்துத்தான் சொன்னாள். அந்தக் கட்டு அங்கே இன்னும் மாறவில்லை. என் கை முன்னே வந்தது. பின்னால் கட்டிக்கொண்டேன். நான் செய்த வேலைகளிலேயே அதுதான் கஷ்டமான வேலை.

பரமசிவம் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தான். அப்புறம் நாட்டாண்மை வந்தார். சத்தமாகச் சொன்னேன். முப்பத்து மூன்று மாசியில் இங்கே ஒரு கூறைப் பாவு அறுந்தது, அறுத்தவள் நான், கமலவேணி. வீராசாமி சூடம் அணைத்துப் பொய்ச் சத்தியம் பண்ணினான், என்னைத் தெருவை விட்டுத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக. அவன் ஒரு இழையையும் அறுத்தவன் இல்லை. ஏழு பேர் பார்த்தார்கள். ஒருவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

உள்ளே இருந்தவர்களும் வாசலுக்கு வந்தார்கள். தறிகூட நின்றுவிட்டது. பரமசிவம் மட்டும், "இப்பதான் ஞாபகம் வந்துச்சா உனக்கு? முப்பத்தெட்டு வருசமா பல்லக் கடிச்சிக்கினு இருக்கோம். இப்ப பல்லே இல்ல" என்றான். ஒரு பையன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டும். அந்த முறத்தை அவனுக்கே விட்டுவிட்டேன்.

நாட்டாண்மை, "எங்கப்பா கட்டுன கட்டு அது. தப்பான ஆள் மேல கட்டிட்டாரு. கோதண்டபாணிய வரச் சொல்லுங்க. தறி போட எடம் தரோம். மொதப் பாவுக்கு நானே கழி புடிக்கிறேன்" என்றார். பரமசிவம், "அந்தப் பக்கம் நானு" என்றான். அவனால் நிற்கவே முடியாது. உன் மகனை ஆவணி கழிவதற்குள் அனுப்பு. என் வீட்டில் தங்கட்டும். சுற்றிக்கொண்டு போகாமல் நேர் வழியில் அவனை நானே கூட்டிப்போகிறேன்.

இப்போது மன்னிப்பு. மாமியார் செல்லியம்மாளை மன்னித்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வாய் முப்பது வருடம் ஒரு விஷயத்தை உள்ளே வைத்திருந்தது என்றால் அதற்கு ஏதோ கொடுக்க வேண்டும். பரமசிவம், ஆதிகேசவன், முருகேசன், அம்சவேணி, இவர்கள் மேல் நான் வைத்திருந்த பகையை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் மன்னிக்க ஒன்றும் இல்லை. நீதான் என்னை மன்னிக்க வேண்டும். உன் வசதிப்படி செய், அவசரம் இல்லை. என்னைக் கர்த்தர் மன்னித்துவிட்டார். வாங்கிக்கொண்டேன். தலை குனியாமல்தான் வாங்கிக்கொண்டேன், என் கழுத்து அப்படி.

ஆனால் ஒருவனை மன்னிக்க மாட்டேன். ஐயரிடமும் சொல்லிவிட்டேன், ஜெபத்திலும் சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. பிறத்தியார் பாவத்தைச் சுமக்கிறவர் கர்த்தர் ஒருவர்தான் என்று நான் இத்தனை வருடம் எழுந்து நின்று சொன்னேன். அப்போது இன்னொருவன் தென்னேரிச் சேற்றில் நின்று என்னுடையதைச் சுமந்துகொண்டிருந்தான். யாரைக் கேட்டு எடுத்தான்? என் கத்தி அது, என் கோபம் அது. நாட்டாண்மை முன்னால் என்னை ஒரு வார்த்தை காட்டிக் கொடுத்திருந்தால், இருபத்திரண்டு வயதிலேயே நான் யார் என்று எனக்குத் தெரிந்திருக்கும். அறுபதில் வந்து தெரிகிறது. தன் சாமியை விட்டான், தறியை விட்டான், என்னை மட்டும் நல்லவளாக விட்டு வைத்தான். நான் காலில் விழலாம் என்று வருவதற்குள் செத்தும் போனான். மற்ற எல்லாரையும் என் கையிலிருந்து எடுத்துக்கொள்ளும், இவனை மட்டும் என்னிடம் விட்டுவிடும் என்று கர்த்தரிடம் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் இல்லை என்று சொல்லவில்லை.

உன் புருஷன், என் கொழுந்தன், வீராசாமி.

மார்த்தாள்